ரேமும் சூடும்: ஐந்து தலைமுறை கன்சோல்கள் ஒப்பீடு

2013 நவம்பரில் ஒரு வார இடைவெளியில் இரண்டு கேம் கன்சோல்கள் விற்பனைக்கு வந்தன. 15-ம் தேதி சோனியின் பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4), விலை 399 டாலர். 22-ம் தேதி மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன், கினெக்ட் கேமராவோடு சேர்த்து 499 டாலர். இரண்டுக்குள்ளும் ஏஎம்டியின் ஜாக்குவார் வகை எட்டு கோர் சிபியு, இரண்டிலும் 8 ஜிபி ரேம். சிபியு வேகத்தை மட்டும் பார்த்தால் 1.6 கிகாஹெர்ட்ஸ் பிஎஸ்4-ஐ விட 1.75 கிகாஹெர்ட்ஸ் எக்ஸ்பாக்ஸ் ஒன் ஒரு படி மேல். ஆனால் அந்த மாதம் வெளிவந்த கால் ஆஃப் டியூட்டி: கோஸ்ட்ஸ் பிஎஸ்4-ல் 1080பி-யில் (1920 × 1080 புள்ளிகள்) ஓடியது, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி-யில் (1280 × 720) ஓடியது. பேட்டில்ஃபீல்ட் 4 பிஎஸ்4-ல் 900பி, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 720பி.

கிராஃபிக்ஸ் சிப்பிலும் வித்தியாசம் உண்டு. பிஎஸ்4-ல் 1.84 டெராஃப்ளாப்ஸ் (ஒரு டெராஃப்ளாப்ஸ் என்றால் நொடிக்கு ஒரு லட்சம் கோடி கணக்குகள்), எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 1.31. அதாவது 1.4 மடங்கு. ஆனால் 1080பி திரையில் இருக்கும் புள்ளிகள் 720பி-யைப் போல 2.25 மடங்கு. சிப்பின் பலம் மட்டும் இந்த இடைவெளியை விளக்காது. மிச்சத்தை ரேமில்தான் தேட வேண்டும்.

சோனி 8 ஜிபி முழுவதையும் ஜிடிடிஆர்5 ஆகவே போட்டது. அதன் வேகம் நொடிக்கு 176 ஜிபி. மைக்ரோசாஃப்ட் போட்டது டிடிஆர்3, நொடிக்கு 68 ஜிபி. அந்தக் குறையை ஈடுகட்ட, சிப்புக்குள்ளேயே 32 எம்பி அளவுக்கு ஈஎஸ்ரேம் என்ற வேகமான மெமரியை வைத்தது. இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 1920 × 1080 புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட் என்றால் 8.3 எம்பி. அந்தக் காலத்துக் கேம்கள் பல, நிறம், பரப்பின் திசை, பளபளப்பு, ஆழம் என்று ஒரே காட்சியை நான்கைந்து அடுக்காக எழுதிவைத்துவிட்டு, கடைசியில் ஒளியைச் சேர்த்தன. ஐந்து அடுக்குக்கு 41 எம்பி. 32-க்குள் அடங்காது. 1600 × 900 என்று குறைத்தால் ஓர் அடுக்கு 5.8 எம்பி, ஐந்தும் சேர்ந்து 29 எம்பி. அடங்கிவிடும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் 900பி என்ற எண் அடிக்கடி தலைகாட்டியதற்கு இந்தக் கணக்கு ஒரு முக்கியக் காரணம்.

எந்தத் தலைமுறை கன்சோலை எடுத்தாலும் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். ஒரு ப்ரேமை, அதாவது திரையில் ஒருமுறை தோன்றும் முழுப் படத்தை, வரையத் தேவையான பொருள் எந்த இடுக்கில் போய் மாட்டிக்கொள்கிறது? வரையும்போது பிறக்கும் சூடு எந்த வழியாக வெளியேறுகிறது? முதலாவது படத்தைத் தீர்மானிக்கும், இரண்டாவது ஆயுளைத் தீர்மானிக்கும். பழைய கன்சோல் வாங்குகிறவருக்கு இரண்டாவது இன்னும் முக்கியம். 1994-ல் இருந்து வரிசையாகப் பார்ப்போம்.

பிளேஸ்டேஷன், சாட்டர்ன், நின்டெண்டோ 64

ஜப்பானில் சேகா சாட்டர்ன் 1994 நவம்பர் 22-ம் தேதியும், பிளேஸ்டேஷன் டிசம்பர் 3-ம் தேதியும் வந்தன. நின்டெண்டோ 64 வர 1996 ஜூன் ஆனது.

சாட்டர்னுக்குள் ஹிட்டாச்சியின் எஸ்எச்-2 சிப்புகள் இரண்டு, தலா 28.6 மெகாஹெர்ட்ஸ். கேட்கப் பெரிதாக இருக்கும். ஆனால் இரண்டும் ரேமை எட்ட ஒரே பாதையைத்தான் பங்குபோட்டுக்கொள்கின்றன. ஒன்று படிக்கும்போது மற்றது காத்து நிற்கும். வரைவதற்கும் இரண்டு சிப்புகள்: உருவங்களுக்கு ஒன்று, பின்னணிக்கு ஒன்று. போட்டியாளர்கள் முக்கோணங்களால் வரைந்தபோது சாட்டர்ன் நாற்கோணங்களால் வரைந்தது. பாதி ஒளி ஊடுருவும் உருவத்தைப் பின்னணியோடு கலப்பது அதற்குச் சிரமம். அதனால் நிழல், புகை போன்றவற்றை ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி வரைந்து வலையாகப் போட்டார்கள். பழைய டிவியில் மஞ்சள் வீடியோ வயரில் பார்த்தால் அந்த வலை கலங்கி நிஜமான நிழலாகத் தெரியும். அதே சாட்டர்னை, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் கொண்டுபோகும் நல்ல ஆர்ஜிபி வயர் போட்டு இணைத்தால் காலடி நிழல் கொசுவலைத் துண்டு மாதிரி அப்பட்டமாகத் தெரியும். சாட்டர்னுக்கு உயர்ந்த வயர் வாங்க நினைப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

பிளேஸ்டேஷனில் 33.87 மெகாஹெர்ட்ஸ் சிபியு, 2 எம்பி ரேம், படத்துக்குத் தனியாக 1 எம்பி. எளிமையான அமைப்பு, அதனால் கேம் எழுதுபவர்களுக்குச் சீக்கிரம் கைவந்தது. குறை எங்கே என்றால், தூரத்துக்குத் தகுந்தபடி படத்தைச் சுருக்கி ஒட்டும் கணக்கை அது செய்யாது. கட்டம் போட்ட தரையில் நடந்து போகும்போது கேமராவுக்குப் பக்கத்தில் வரும் கட்டங்கள் வளைந்து நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். முனைகளின் இடத்தையும் முழுப் புள்ளிகளில் மட்டுமே வைக்கும். அதனால்தான் சுவர்களின் ஓரம் மெல்ல நடுங்கிக்கொண்டே இருக்கிறது. டிஸ்க்கில் கோளாறு என்று நினைத்துத் துடைக்க வேண்டாம்.

நின்டெண்டோ 64-ல் இந்த நெளிசலும் நடுக்கமும் இல்லை. 93.75 மெகாஹெர்ட்ஸ் சிபியு, ஆழக் கணக்கு, தூரக் கணக்கு எல்லாம் முறையாக உண்டு. ஆனால் சுவரில் ஒட்டும் படத்தை எடுத்து வைத்துக்கொள்ளும் இடம் வெறும் 4 கேபி! புள்ளிக்கு 16 பிட் என்றால் 32 × 64 புள்ளிகள், அவ்வளவுதான். அந்தத் துண்டை ஒரு முழுச் சுவருக்கு இழுத்து மெழுகிவிடுவதால் எல்லாமே ஈரத்தில் கலைந்த ஓவியம் போல இருக்கிறது. கேசட்டின் அதிகபட்ச அளவும் 64 எம்பி. இரண்டு சிடியில் வந்த ரெசிடென்ட் ஈவில் 2-வை 1999-ல் அந்த 64 எம்பிக்குள் அடக்கிக் கொண்டுவந்தார்கள். அந்த வேலைத்திறனுக்காகவே அந்தப் பதிப்பை ஒருமுறை பார்க்கலாம்.

இதில் ஒன்று மட்டும் வாங்குவதானால் பிளேஸ்டேஷன்தான். கேம்களின் எண்ணிக்கைக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வராது. 2டி சண்டை விளையாட்டுப் பிரியர்களுக்கு மட்டும் 4 எம்பி ரேம் கேசட்டோடு சாட்டர்ன். 1997-ல் அந்தக் கேசட்டோடு வந்த எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டரைப் பிளேஸ்டேஷன் பதிப்போடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேம் என்ன செய்யும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

பழையதாக வாங்கும்போது பார்க்க வேண்டியவை: ஆரம்பகாலப் பிளேஸ்டேஷன்களில் லேசர் ஊர்ந்து போகும் சட்டம் பிளாஸ்டிக். அது தேய்ந்து ஒருபக்கம் சாய்ந்தால் வீடியோக் காட்சிகள் திக்கித் திக்கி ஓடும். பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்தால் சரியாக ஓடுகிறதா, அப்படியானால் சட்டம் தேய்ந்துவிட்டது. லேசரை யூனிட்டோடு மாற்றியே ஆக வேண்டும். நின்டெண்டோ 64-ல் கன்ட்ரோலரின் நடு ஸ்டிக்கைப் பாருங்கள். குச்சியின் அடிமுனையும் அது உட்கார்ந்திருக்கும் கிண்ணமும் ஒன்றோடொன்று உரசித் தேய்வதால், திறந்தால் உள்ளே சுண்ணாம்புப் பொடி போல வெள்ளைத்தூள் படிந்திருக்கும். ஸ்டிக் நடுவில் நிற்காமல் தொங்கினால் கிண்ணத்தையும் பல்சக்கரங்களையும் மாற்ற வேண்டும். வெறும் கிரீஸ் போட்டால் ஒரு வாரம்கூடத் தாங்காது. சாட்டர்னில் பின்பக்க மூடிக்குள் சிஆர்2032 பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்தால் உள்ளே சேமித்த ஆட்டங்கள் எல்லாம் அழிந்துவிடும். மாற்றுவது எளிது, ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

ட்ரீம்காஸ்ட், பிஎஸ்2, எக்ஸ்பாக்ஸ்

பிஎஸ்2-ன் சிபியுவான எமோஷன் எஞ்சினைப் பற்றி 2000-ல் பேசாத பத்திரிகை இல்லை. 294.9 மெகாஹெர்ட்ஸ், பக்கத்திலேயே இரண்டு கணக்கு யூனிட்டுகள். ஆனால் படம் வரையும் சிப்பில் இருந்த மெமரி 4 எம்பி. மறுபடி கணக்குக்கு வருவோம். 640 × 448 புள்ளிகள், 4 பைட் என்றால் 1.15 எம்பி. காட்டுவதற்கு ஒன்று, வரைவதற்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று என மூன்று. மொத்தம் 3.4 எம்பி போய்விடுகிறது. சுவர், தரை, முகம் எல்லாவற்றுக்கும் மிச்சம் முக்கால் எம்பி. ஒரு ப்ரேம் முடிவதற்குள் 32 எம்பி ரேமில் இருந்து படங்களைத் துண்டு துண்டாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் ஓட்ட முடியும். அந்த இறைப்பு கைவராத முதல் வருடக் கேம்களில் கோடுகள் பல்லிளிப்பதும் பரப்புகள் வெறிச்சென்று இருப்பதும் அதனால்தான்.

சேகாவின் ட்ரீம்காஸ்ட் 1998 நவம்பரிலேயே ஜப்பானில் வந்துவிட்டது, அமெரிக்காவில் 1999 செப்டம்பர் 9-ல் 199 டாலருக்கு. எஸ்எச்-4 சிபியு 200 மெகாஹெர்ட்ஸ். எண்ணில் பிஎஸ்2-க்குப் பின்னால்தான். ஆனால் படத்துக்கு 8 எம்பி. அதன் பவர்விஆர் சிப் திரையைச் சிறு சதுரங்களாக வெட்டி, ஆழக் கணக்கைச் சிப்புக்குள்ளேயே முடித்துக்கொள்ளும். ஆழத்துக்கென்று தனி இடம் வேண்டாம். 16 பிட்டில் இரண்டு ப்ரேம் வைத்தாலும் 1.2 எம்பிதான். மிச்ச இடத்தில் படங்களைச் சுருக்கியும் வைக்கலாம். 2000-ல் ஒரே கேமை இரண்டிலும் ஓட்டியவர்கள் ட்ரீம்காஸ்டில் படம் துல்லியமாக இருக்கிறது என்று சொன்னது பிரமை இல்லை. ஆனால் பிஎஸ்2-ல் டிவிடி ஓடியது, பழைய பிளேஸ்டேஷன் டிஸ்க்கும் ஓடியது. 2001 ஜனவரி இறுதியில் ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்துவதாக சேகா அறிவித்துவிட்டது. நல்ல வன்பொருள் தோற்றுப்போன கதைகளில் இது எனக்கு மிகவும் வருத்தம் தருவது.

2001 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸில் 733 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் வகைச் சிபியு, 64 எம்பி ரேம். எல்லாம் ஒரே குளம், யாருக்கு எவ்வளவு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். கூடவே ஹார்ட் டிஸ்க். படத்தில் அந்தத் தலைமுறையின் முதலிடம் இதற்கே. நின்டெண்டோவின் கேம்கியூப் அடுத்து வரும், அதன் டிஸ்க் 1.5 ஜிபிக்குள் என்பது ஒன்றுதான் பெரிய தடை.

எக்ஸ்பாக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒரு வேலையைத் தள்ளிப்போடவே கூடாது. போர்டில் கடிகாரத்துக்கு மின்சாரம் தேக்கிவைக்கும் பெரிய கெப்பாசிட்டர் ஒன்று இருக்கிறது. 1.0 முதல் 1.5 வரையிலான போர்டுகளில் அது கசியும். கசிந்த திரவம் போர்டில் பரவி, பக்கத்துச் செம்புத் தடங்களைப் பச்சையாக அரித்துவிடும். பெட்டி தானே ஆனாவது, ஆஃப் ஆகாமல் அடம்பிடிப்பது எல்லாம் இதன் அறிகுறிகள். செய்ய வேண்டியது: பின் வயரைப் பிடுங்கி, அடியில் உள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றி, ஹார்ட் டிஸ்க்கையும் டிவிடி டிரைவையும் தூக்கி ஓரமாக வையுங்கள். சிபியு பக்கத்தில் தனியாக நிற்கும் அந்த உருளையைச் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்துவிடுங்கள். இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். புதிய கெப்பாசிட்டர் போடாமலே எக்ஸ்பாக்ஸ் ஓடும். மின்சாரம் போனால் தேதி மட்டும் மறந்துவிடும். 1.6 போர்டில் இருப்பது வேறு வகை, அதைத் தொட வேண்டாம். ஹார்ட் டிஸ்க் அந்தந்தப் போர்டோடு பாஸ்வேர்டு போட்டுப் பூட்டப்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். வேறு டிஸ்க்கை எடுத்து அப்படியே மாட்டினால் ஏற்றுக்கொள்ளாது.

ட்ரீம்காஸ்ட் விளையாட்டு நடுவில் தானே ரீசெட் ஆகிறது என்றால் பவர் சப்ளை போர்டைத் தாங்கும் ஊசிகளில் துரு படிந்திருக்கிறது என்று அர்த்தம். போர்டைத் தூக்கி, ஊசிகளை ஆல்கஹாலில் துடைத்து மறுபடி அழுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். அதன் பேட்டரி விஷயத்தில் கவனம் வேண்டும். அது சார்ஜ் ஏறும் எம்எல்2032. சாட்டர்னில் போட்ட அதே சிஆர்2032-ஐ இங்கே போட்டால், சார்ஜ் ஏறக்கூடாத பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திணிப்பதாகிவிடும்.

எக்ஸ்பாக்ஸ் 360, பிஎஸ்3

இந்தத் தலைமுறையில்தான் என் இரண்டு கேள்விகளும் உச்சத்துக்குப் போகின்றன.

எக்ஸ்பாக்ஸ் 360 வந்தது 2005 நவம்பர் 22. பிஎஸ்3 ஒரு வருடம் கழித்து 2006 நவம்பரில், அமெரிக்காவில் 499, 599 டாலர் என இரண்டு விலைகளில். பிஎஸ்3-ன் செல் சிப் காகிதத்தில் பூதம். ஒரு முதன்மைக் கோர், கேம்களுக்கென ஆறு துணைக் கோர்கள், எல்லாம் 3.2 கிகாஹெர்ட்ஸ். ஆனால் ஒவ்வொரு துணைக் கோருக்கும் சொந்தமாக 256 கேபி இடம்தான். தேவையானதைக் கேம் எழுதுபவரே நேரம் பார்த்து ஊட்ட வேண்டும். ரேம் 512 எம்பி என்றாலும் 256 சிபியு பக்கம், 256 படத்தின் பக்கம் என்று நடுவில் சுவர். படத்தின் பக்கம் இருப்பதைச் செல் நேரடியாகப் படிக்கப் போனால் வேகம் நொடிக்கு 16 எம்பிக்கு இறங்கிவிடும். எக்ஸ்பாக்ஸ் 360-ல் அதே 512 எம்பி ஒரே குளம். கூடவே சிப்பின் பக்கத்தில் 10 எம்பி அதிவேக மெமரி. 1280 × 720-க்கு நிறமும் ஆழமும் சேர்த்து 7.4 எம்பி, உள்ளே உட்கார்ந்துவிடும். விளிம்பை வழுவழுப்பாக்க இரட்டை மாதிரி எடுத்தால் 14.7 எம்பி. அப்போது திரையைத் துண்டுகளாகப் பிரித்து வரைய வேண்டும்.

இரண்டுக்கும் வந்த கேம்களில் ஆரம்ப வருடங்களில் 360 பதிப்பு கையோங்கி இருந்தது இதனால்தான். 2011-ன் ஸ்கைரிம்மை பிஎஸ்3-ல் நெடுநாள் ஆடியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சேமிப்புக் கோப்பு பெருகப் பெருகப் படம் தவழத் தொடங்கிவிடும். பிஎஸ்3-க்காகவே எழுதப்பட்ட கேம்களில் கதை தலைகீழ். துணைக் கோர்களைப் படவேலைக்குப் பழக்கியெடுத்த குழுக்கள் கொடுத்த காட்சிகளை 360-ல் பார்க்க முடியாது.

சூட்டில் இரண்டுமே சறுக்கின. 360-ன் டிவிடி டிரைவ், கிராஃபிக்ஸ் சிப்புக்கு நேர் மேலே உட்கார்ந்திருக்கிறது. அதனால் அந்தச் சிப்பின் ஹீட் சிங்க்கை (சூட்டை இழுத்து வெளியேற்றும் உலோகப் பாகம்) தட்டையாகச் செய்ய வேண்டி வந்தது. விளைவு, சூடாகி, ஆறி, மறுபடி சூடாகி, சிப்பின் உறைக்குள் இருக்கும் மிக நுண்ணிய சால்டர் இணைப்புகள் விரிசல் விட்டன. பவர் பட்டனைச் சுற்றியுள்ள நான்கு கால்வட்டங்களில் மூன்று சிவப்பாக எரிந்தால் கதை அதுதான். நான்கும் சிவப்பு என்றால் வெறும் வீடியோ வயர் கோளாறு, இரண்டு என்றால் அதிகச் சூடு. 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் இந்த மூன்று விளக்குக் கோளாறுக்கு வாரன்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்கென 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது.

சிவப்பு விளக்கு எரியும் பெட்டி உள்ளே என்ன சொல்கிறது என்று படிக்க வழி இருக்கிறது. கன்ட்ரோலரை இணைக்கும் சின்னப் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, டிஸ்க் தட்டைத் திறக்கும் பட்டனை நான்கு முறை தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் எத்தனை கால்வட்டம் மின்னுகிறதோ அது ஓர் இலக்கம். நான்கும் மின்னினால் பூஜ்யம். 0102 என்று வந்தால் இணைப்பு விரிசல். துண்டு சுற்றிச் சூடேற்றுவது, ஹாட் ஏர் கன் அடிப்பது, அடியில் உள்ள எக்ஸ் வடிவக் கிளாம்பை மாற்றிப் போல்ட் போட்டு இறுக்குவது எல்லாம் விரிசலைச் சில நாட்களுக்கு ஒன்றோடொன்று தொடவைப்பவைதான். "ரிப்பேர் பண்ணியாச்சு" என்று சொல்லி விற்கப்படும் பழைய 360 பல இந்த வகை. துண்டு சுற்றும் வழியை யாரும் செய்யவே கூடாது, தீப்பிடிக்கும் ஆபத்து நிஜம்.

வாங்குவதானால் எதை வாங்குவது? பெட்டியின் பின்பக்க லேபிளில் 12 வோல்ட்டுக்குப் பக்கத்தில் ஆம்பியர் அச்சிட்டிருக்கும். 16.5 என்றால் முதல் வகை, தொட வேண்டாம். 14.2 என்றால் சிபியு மட்டும் சிறிதாகிய நடு வகை. 12.1 என்றால் 2008 இறுதியில் வந்த ஜாஸ்பர், கிராஃபிக்ஸ் சிப்பும் 65 நானோமீட்டருக்கு இறங்கியது. பழைய உருவத்தில் நம்பி வாங்கக்கூடியது இது ஒன்றுதான். அதைவிட நல்லது 2010-ல் வந்த எஸ் மாடல். ஒன்று மட்டும்: எந்த 360-ஐயும் டிஸ்க் சுற்றும்போது நிமிர்த்தவோ சாய்க்கவோ கூடாது. டிஸ்க்கில் வட்டமாகக் கீறல் விழுந்துவிடும், எந்தப் பாலிஷிலும் போகாது.

பிஎஸ்3-ல் அந்தச் சிவப்பு விளக்கின் தங்கச்சி மஞ்சள் விளக்கு. ஆரம்பப் பெட்டிகளின் 90 நானோமீட்டர் ஆர்எஸ்எக்ஸ் கிராஃபிக்ஸ் சிப்பில் அதே வகை விரிசல். சிலவற்றில் போர்டில் உள்ள என்இசி டோக்கின் கெப்பாசிட்டர்கள் பலவீனமாவதும் காரணம். இன்னொரு சிக்கல், சிப்பின் உலோக மூடிக்கு மேலே சூடு கடத்தும் ஒரு பேஸ்ட், மூடிக்குள்ளே ஒரு பேஸ்ட் என்று இரண்டு இருப்பது. கடைகளில் மேலே உள்ளதை மட்டும் மாற்றித் தருவார்கள், ஃபேன் சத்தம் குறையாது. உள்ளே இருப்பதுதான் காய்ந்து மண்ணாகியிருக்கும். மூடியைப் பெயர்க்கும் வேலை கைப்பழக்கம் உள்ளவருக்கு மட்டும்.

பிஎஸ்2 டிஸ்க்கும் ஓட வேண்டும் என்பவர்கள் தேடும் அமெரிக்க, ஜப்பானிய 60 ஜிபி முதல் மாடலுக்குள் பிஎஸ்2-ன் இரண்டு சிப்புகளும் நிஜமாகவே இருக்கின்றன. ஆனால் மேலே சொன்ன நோய்கள் அதிகம் உள்ளதும் அதுதான். பிஎஸ்3 கேம்கள் மட்டும் போதும் என்றால் 2009-க்குப் பிறகான ஸ்லிம். ஹார்ட் டிஸ்க்கை மாற்ற வாரன்டிகூடப் போகாத அளவுக்கு எளிதாக வைத்தது சோனியின் நல்ல குணம். பழைய பெட்டியில் பக்கவாட்டு மூடியைத் திறந்து, நீல நிற ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினால் தட்டு வெளியே வரும். சாதாரண 2.5 அங்குல சாட்டா டிஸ்க் போதும். சிஸ்டம் மென்பொருளை ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த பென்டிரைவில், "பிஎஸ்3" என்ற ஃபோல்டருக்குள் "அப்டேட்" ஃபோல்டர் போட்டு வைக்க வேண்டும். இரண்டு பெயரும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். சின்ன எழுத்தில் போட்டுவிட்டு "கண்டுபிடிக்க முடியவில்லை" என்ற செய்தியோடு போராடுபவர்கள் ஏராளம்.

நின்டெண்டோவின் வீ பற்றி ஒரே வரி. 480பி-க்கு மேல் போகாது, ஆனால் 10 கோடிக்கு மேல் விற்றது, மூன்றிலும் குறைவாகச் சூடாவதும் அதுவே.

அமெரிக்காவில் இருந்து உறவினர் கொண்டுவந்த பழைய பெட்டி கையில் இருந்தால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். அமெரிக்கப் பிளேஸ்டேஷன் 1, நின்டெண்டோ 64, முதல் எக்ஸ்பாக்ஸ், 360-ன் பவர் பிரிக் (வெளியே தனியாக இருக்கும் பவர் சப்ளை) எல்லாம் 110-120 வோல்ட்டுக்கானவை. நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் ஒரே நொடியில் போய்விடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். முதல் வகை 360-க்குப் பிரிக்கே 203 வாட் என்பதால் 300 வாட்டுக்குக் குறைந்து வாங்க வேண்டாம். பிஎஸ்4, பிஎஸ்5 இரண்டுக்கும் 100 முதல் 240 வரை ஓடும் சப்ளை, கவலை இல்லை.

பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன்: இன்று வாங்கினால்

படத்தின் கதையை முதலிலேயே சொல்லியாயிற்று. 2017-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸ்-ல் மைக்ரோசாஃப்ட் ஈஎஸ்ரேமைத் தூக்கிவிட்டு 12 ஜிபி ஜிடிடிஆர்5, நொடிக்கு 326 ஜிபி என்று போட்டது. அதற்கு முந்தைய வருடத்து பிஎஸ்4 புரோவை அது தெளிவாகவே முந்தியது. பழைய பெட்டிகளில் கைக்குக் கிடைத்தால் எடுக்கத் தகுந்தது அது.

பிஎஸ்4-ன் தீராத தொல்லை, விமானம் கிளம்புவது போன்ற ஃபேன் சத்தம். தூசி அடைத்து, பேஸ்ட் காய்ந்திருக்கும். டி9 பாதுகாப்பு டார்க்ஸ் ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். புரோவில் சத்தம் குறைந்த வகை 7200 தொடர், அடி லேபிளில் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கரண்ட் போய்ப்போய் வரும் ஊரில் ஹார்ட் டிஸ்க் எழுதும்போது பாதியில் நின்று, மெனுவே ஆமை வேகத்துக்கு வந்துவிடும். அப்போது பவர் பட்டனை இரண்டாவது பீப் கேட்கும்வரை சுமார் ஏழு நொடி அழுத்திப் பாதுகாப்பு முறைக்குப் போய், டேட்டாபேஸை மறுபடி கட்டும் ஐந்தாவது தேர்வைக் கொடுங்கள். கேம்கள் அழியாது. பெரும்பாலும் இதுவே போதும்.

பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்

2020 நவம்பரில் இரண்டும் 499 டாலருக்கு வந்தன. இந்தியாவில் சீரிஸ் எக்ஸ் அதே நவம்பர் 10-லேயே, பிஎஸ்5 2021 பிப்ரவரி 2-ல். இரண்டின் ஆரம்ப விலையும் ரூ. 49,990. சீரிஸ் எக்ஸ்-ல் 12 டெராஃப்ளாப்ஸ், பிஎஸ்5-ல் 10.3. 2013-ன் நிலைமை தலைகீழாகப் புரண்டுவிட்டது என்றுதான் எல்லாரும் எதிர்பார்த்தார்கள். ஓட்டிப் பார்த்தால் பெரும்பாலான கேம்களில் இரண்டையும் பக்கத்தில் வைத்து உருப்பெருக்கினால்தான் வித்தியாசம் தெரிகிறது. இரண்டிலும் 16 ஜிபி ஜிடிடிஆர்6. பிஎஸ்5-ல் முழுவதும் நொடிக்கு 448 ஜிபி என ஒரே வேகம். சீரிஸ் எக்ஸ்-ல் 10 ஜிபி மட்டும் 560 வேகம், மிச்ச 6 ஜிபி 336 வேகம். எதை எங்கே வைப்பது என்ற வேலை மறுபடி கேம் எழுதுபவர் தலையில். பிஎஸ்5-ன் சிப்பில் கோர்கள் குறைவு, ஆனால் 2.23 கிகாஹெர்ட்ஸ் வரை ஓடுகிறது, எதிராளி 1.825. இவை எல்லாம் சேர்ந்து டெராஃப்ளாப்ஸ் வித்தியாசத்தைக் கரைத்துவிடுகின்றன.

சீரிஸ் எக்ஸ்-ன் மலிவுத் தம்பியான சீரிஸ் எஸ்-ஐப் பற்றி என் கருத்து கடுமையானது. 2020-ல் வந்தபோது 299 டாலர் என்ற விலை ஈர்த்தது, ஆனால் 10 ஜிபி ரேமில் கேமுக்குக் கிடைப்பது 8 ஜிபி. சீரிஸ் எக்ஸ்-ல் கேமுக்கு 13.5. பால்டர்ஸ் கேட் 3-ன் எக்ஸ்பாக்ஸ் பதிப்பு 2023 டிசம்பர் வரை தள்ளிப்போனதற்கு, இருவர் திரையைப் பிரித்து ஆடும் வசதியை எஸ்-ல் ஓட்ட முடியாததே காரணம். கடைசியில் அந்த வசதி இல்லாமலேயே எஸ்-ல் வந்தது, 2025 அப்டேட்டில்தான் சேர்ந்தது. உள்ளே இருக்கும் 512 ஜிபியில் பயன்படுத்தக் கிடைப்பது 364. பெரிய கேம் மூன்று போட்டால் முடிந்தது.

பழைய கேம்களுக்கு எக்ஸ்பாக்ஸ் தெளிவாக மேல். முதல் எக்ஸ்பாக்ஸ், 360 டிஸ்க்குகளில் ஆதரவுப் பட்டியலில் உள்ளவை சீரிஸ் எக்ஸ்-ல் பழையதைவிடத் துல்லியமாக ஓடுகின்றன. பிஎஸ்5-ல் பிஎஸ்4 வரைதான். பிஎஸ்3 டிஸ்க்கைப் போட்டால் ஒன்றும் நடக்காது.

இடத்தைப் பெருக்குவதில் பிஎஸ்5 மேல். எக்ஸ்பாக்ஸுக்கு அதற்கென்றே செய்த கார்டுதான் வேண்டும், சொருகினால் வேலை முடிந்தது, ஆனால் விலை அதிகம். பிஎஸ்5-க்குக் கடையில் கிடைக்கும் எம்.2 எஸ்எஸ்டி போதும். பிசிஐஇ 4.0 வகை, படிக்கும் வேகம் நொடிக்கு 5,500 எம்பிக்குக் குறையாமல், ஹீட் சிங்க்கோடு. ஹீட் சிங்க் சேர்த்து மொத்த உயரம் 11.25 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. கம்ப்யூட்டருக்கான தடித்த ஹீட் சிங்க் வாங்கி மூடி பொருந்தாமல் திரும்புபவர்கள் இந்த எண்ணைப் பார்ப்பதில்லை. முதலில் சிஸ்டத்தை அப்டேட் செய்யுங்கள். ரெஸ்ட் மோடில் விடாமல் முழுதாக அணைத்து, எல்லா வயரையும் பிடுங்கி, சூடு ஆறும்வரை விடுங்கள். பெட்டியைப் படுக்கவைத்துப் பக்க மூடியை எடுங்கள். உள்ளே நீளமான உலோகத் தகடு ஒரு ஸ்க்ரூவில் நிற்கும். அதைக் கழற்றினால் சிறிய வளையமும் ஸ்க்ரூவும் இருக்கும். வளையத்தை உங்கள் எஸ்எஸ்டி நீளத்துக்கான குழிக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் 80 என்று போட்டது. இதை மறந்து எஸ்எஸ்டியை நேராக அழுத்தினால் போர்டு வளையும். சாய்த்துச் சொருகி, மெதுவாகப் படுக்கவைத்து, ஸ்க்ரூவை முடுக்கி, தகட்டை மறுபடி மூடுங்கள். ஆன் செய்ததும் ஃபார்மேட் செய்யக் கேட்டு, வேகத்தையும் அளந்து காட்டும். மூடி திறந்திருக்கும்போதே இரண்டு தூசிக் குழிகளில் வேக்குவம் கிளீனரை வைத்து உறிஞ்சிவிடுங்கள்.

பழைய பிஎஸ்5 வாங்கும்போது எச்டிஎம்ஐ வயரைச் சொருகி மெல்ல அசைத்துப் பாருங்கள். படம் வெட்டினால் போர்ட் தளர்ந்திருக்கிறது. கன்ட்ரோலர் ஸ்டிக்கைத் தொடாமல் மெனுவில் ஐந்து நிமிடம் விட்டு, தேர்வு தானே நகர்கிறதா என்று பாருங்கள். கனமான கேம் ஒன்றை அரைமணி நேரம் ஓட்டச் சொல்லி, அணைந்துபோகிறதா என்றும் பாருங்கள். இந்தப் பெட்டியில் சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவில் பேஸ்ட்டுக்குப் பதில் திரவ உலோகம் இருக்கிறது. சூட்டை அருமையாகக் கடத்தும், மின்சாரத்தையும் கடத்தும். சத்தம் குறைக்கிறேன் என்று யாரோ ஹீட் சிங்க்கைத் தூக்கியிருந்தால், அந்தத் திரவம் ஒரு சொட்டு நகர்ந்து பக்கத்துப் பாகத்தைத் தொட்டாலே போர்டு போய்விடும். உள்ளே திறந்து சர்வீஸ் செய்தது என்று விற்பவரே சொன்னால், செய்தது யார், எங்கே என்று ரசீதோடு கேளுங்கள். ரசீது இல்லையென்றால் எவ்வளவு குறைந்த விலை சொன்னாலும் அந்தப் பெட்டியை எடுக்க வேண்டாம்.